ஒரு பாட்டுக்குப் பத்து ரூபாய் கொடுக்கலாமா?



சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் போர் ஏறிவிட்டால் தஞ்சை வட்டாரத்தில் ஊருக்கு ஊர் திருவிழா தொடங்கிவிடும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி என்று நான்கு மாதங்களுக்கு இரவு நேரத்தில் எங்காவது ஒரு மேளம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அப்போது ஒரு விந்தையை நீங்கள் கவனித்திருக்கலாம். இரண்டு கிலோமீட்டர் தள்ளி உள்ள ஊரில், சாமி புறப்பாட்டில் வாசிக்கும் நாதஸ்வரம் வயல்வெளியைக் கடந்து வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் கேட்கும். அதே வித்துவான் அதே இடத்தில் நண்பகலில் வாசித்தால் கேட்பதில்லை. ஏன்?

இரவில் சந்தடி குறைவு என்பது விடையில் ஒரு பாதிதான். மறுபாதி இயற்பியலில் இருக்கிறது. காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்தது. வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் வேகம் வினாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும். பகலில் தரை காய்ந்து, தரையை ஒட்டிய காற்று சூடாக இருக்கிறது. மேலே போகப் போகச் சூடு குறைகிறது. ஆகவே ஒலி அலையின் அடிப்பகுதி வேகமாகவும் மேற்பகுதி மெதுவாகவும் சென்று, அலை வானத்தை நோக்கி வளைந்துவிடுகிறது. தெளிந்த இரவில் எல்லாம் தலைகீழ். தரை தன் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கிறது. இப்போது அலையின் மேற்பகுதி முந்திக்கொள்ள, ஒலி தரையை நோக்கி வளைந்து இறங்குகிறது. மேடு பள்ளம் இல்லாத காவிரிச் சமவெளியில் அதைத் தடுக்கவும் ஒன்றும் இல்லை. இதற்காகத்தான் இரவில் வாசித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மின்சாரம் வருவதற்கு முன்பே நம் மேளக்காரர்களுக்குக் காற்று ஒரு சம்பளமில்லாத ஒலிபெருக்கியாக இருந்திருக்கிறது.

காற்றுக்குச் சம்பளம் வேண்டாம். வாசிப்பவருக்கு வேண்டுமே! அதை யார் கொடுத்தார்கள்? பெரிய கோயில்களில் கோயில் நிலத்தின் வருமானத்திலிருந்து ஒரு பங்கு வந்தது. மடங்கள் ஆதரித்தன. சிறிய ஊர்களில் தலைக்கட்டு வரி போட்டார்கள். பல ஊர்களில் இன்றும் போடுகிறார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் முடிவு செய்து வசூலிப்பதுதான் தலைக்கட்டு வரி. இருநூறு வீடு உள்ள ஊரில், வீட்டுக்குச் சிறு தொகை சேர்ந்தாலே ஓர் இரவு மேளத்துக்குப் பணம் வந்துவிடும். அந்த ஏற்பாட்டில் எல்லாமே ஒழுங்காக இருந்தது என்று எண்ணிவிடாதீர்கள். வரியில் சேர்த்துக்கொள்ளப்படாத தெருக்கள் இருந்தன. அத்தெருக்களிலிருந்து வந்து பறை இசைத்தவர்களுக்கு நியாயமான ஊதியமும் கிடைக்கவில்லை, மரியாதையும் கிடைக்கவில்லை. அந்தக் குறையை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வரியின் அடியில் இருந்த கணக்கு நல்ல கணக்கு. கேட்பவர்கள் பலர், ஆளுக்குச் சிறு தொகை, பணம் நேரே கலைஞர் கைக்குப் போகும். இதே கணக்கை, எவரையும் ஒதுக்காமல், இன்று கைப்பேசியில் பாட்டு இறக்கிக்கொள்வதற்கும் கொண்டுவர முடியும், கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. எப்படி என்று பார்ப்போம்.

செம்பில் மொண்ட ஆறு

திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பெயரை உங்கள் தாத்தாவிடம் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் மலரும். தோடி ராகத்தை மணிக்கணக்கில் விரித்து வாசித்துப் புகழ்பெற்றவர். அதற்கு முன் வழக்கில் இருந்தது நீளம் குறைந்த ‘திமிரி’ நாதஸ்வரம். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நரசிங்கம்பேட்டையில் ரங்கநாதன் ஆசாரி என்ற கைவினைஞர் செய்துகொடுத்த நீண்ட ‘பாரி’ நாதஸ்வரத்தை ராஜரத்தினம் பிள்ளை வாசித்தார். குழல் நீண்டால் உள்ளே உள்ள காற்றுத் தம்பத்தின் அதிர்வெண் குறையும். சுருதி கீழே இறங்கும். மேல்நிலை வகுப்பில் நீங்கள் படிக்கும் பாடம்தான் இது.

அவருடைய தோடி கிராமபோன் இசைத்தட்டாக வெளிவந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிட இசைதான் அடங்கும். ஆற்றைச் செம்பில் மொண்ட கதை. ஆனாலும் அந்தச் செம்புத் தண்ணீர் காவிரிக் கரையைத் தாண்டி இலங்கைக்கும் மலேயாவுக்கும் போயிற்று. இசையை முதன்முதலாகப் பொருளாக்கி விலைக்கு விற்க முடிந்தது அப்போதுதான்.

அடுத்து வந்தது ஒலிநாடா. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் சிறு கேசட்டை அறிமுகப்படுத்தியது. டேப் ரிக்கார்டர் இருந்தால் யார் வேண்டுமானாலும் நகல் எடுக்கலாம் என்ற நிலை வந்தது. எடுத்தார்கள், கடை போட்டே எடுத்துக் கொடுத்தார்கள். ஆனால் இயற்கை அங்கே ஒரு வேலி போட்டிருந்தது. நாடாவில் உள்ள காந்தத் துகள்களால் எப்போதும் ஒரு ‘உஸ்’ஸென்ற இரைச்சல் உண்டு. நகலுக்கு நகல் எடுக்கும்போது ஒவ்வொரு முறையும் புதிய இரைச்சல் பழையதோடு சேரும். பத்தாவது நகலில் நாதஸ்வரம் மழைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நல்ல ஒலி வேண்டுமானால் மூல கேசட்டை வாங்கித்தான் ஆகவேண்டும்.

அந்த வேலியை எண்முறைப் பதிவு சாய்த்துவிட்டது. 1982இல் குறுந்தட்டு விற்பனைக்கு வந்தது. அதில் இசை வெறும் எண்களாக இருக்கிறது. எண்ணைப் பார்த்து எண் எழுதுவதில் இரைச்சல் ஏது? ஆயிரமாவது நகலும் முதல் நகலும் ஒன்றேதான்.

நாலு காசுப் பயணம்

பேப்பரும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். மனிதக் காது அதிகமாகப் போனால் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். ஓர் அலையைச் சரியாகத் திரும்பப் பெற, அதன் அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேற்பட்ட தடவை அதை அளக்க வேண்டும். ஆகவே குறுந்தட்டில் வினாடிக்கு 44,100 தடவை அளக்கிறார்கள். ஒவ்வோர் அளவையும் 16 பிட்டுகளில் எழுதுகிறார்கள். இடக்காதுக்கு ஒன்று, வலக்காதுக்கு ஒன்று. 44,100 × 16 × 2 = 14,11,200. ஒரு வினாடி இசைக்கு இத்தனை பிட்டுகள்! நான்கு நிமிடப் பாட்டுக்கு 8 பிட் ஒரு பைட் என்று கணக்கிட்டால் சுமார் 42 மெகாபைட் வருகிறது.

ஜெர்மனியில் ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வு நிலையத்தினர், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க் முதலானோர், இதைச் சுருக்க ஒரு வழி கண்டார்கள். தவிலில் ஓங்கி ஓர் அடி விழும் கணத்தில், பக்கத்தில் ஒருவர் முணுமுணுத்தால் உங்கள் காதில் விழுமா? விழாது. காதில் விழாததை ஏன் எழுதிவைக்க வேண்டும்? அப்படி மறைந்துபோகும் ஒலிகளைக் கழித்து எழுதுவதுதான் எம்.பி.3. வினாடிக்கு 1,28,000 பிட்டுகளில் எழுதினால் நம்முடைய நான்கு நிமிடப் பாட்டு 3.84 மெகாபைட்டில் அடங்கிவிடும். பதினொன்றில் ஒரு பங்கு!

ஒரு ஜிகாபைட் இணையத்துக்குப் பத்து ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கணக்கில் இந்தப் பாட்டு உங்கள் கைப்பேசிக்கு வந்து சேர ஆகும் செலவு நாலு காசுக்கும் குறைவு. தபாலில் ஒரு கார்டு போடக்கூட இதைவிட அதிகம் ஆகும்.

இங்கேதான் பலர் தடம் புரள்கிறார்கள். ‘நாலு காசில் வருவதற்குப் பத்து ரூபாய் எதற்கு?’ என்று கேட்கிறார்கள். நாலு காசு பாட்டின் பயணச் செலவு. பாட்டின் விலை வேறு. தஞ்சாவூரிலிருந்து உங்கள் ஊருக்குப் பேருந்துக் கட்டணம் முப்பது ரூபாய் என்பதால், அதில் வரும் மருத்துவரின் மதிப்பு முப்பது ரூபாய் ஆகிவிடுமா?

நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைச் செய்யப் பழுத்து முதிர்ந்த ஆச்சாமரம் வேண்டும். பெரும்பாலும் இடித்த பழைய வீடுகளின் மரத்தைத் தேடி வாங்குகிறார்கள். தவிலுக்குப் பலாமரம், தோல். சீவாளிக்கு நாணல். இவற்றை வாங்கிவிட்டால் போதுமா? விடியற்காலையில் எழுந்து பத்துப் பதினைந்து ஆண்டு சாதகம் செய்ய வேண்டும். பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. திரைப்படப் பாட்டானால் தயாரிப்பாளர் இதையெல்லாம் கவனித்துக்கொள்வார். திரைப்படம் சாராத கலைஞர் தானே கொடுக்க வேண்டும். இப்போது ‘சுயாதீன இசை’ என்று இதற்குப் புதுப்பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது. நம் ஊர்க்கோயில் மேளம் என்றைக்குமே எந்தத் திரைப்படத்தையும் சார்ந்து இருந்ததில்லை.

மூன்று பூட்டுகள்

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நம் கடைத்தெருக்களில் செல்போன் கடைகளில் ‘இங்குப் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று எழுதிவைத்திருந்ததை உங்கள் அண்ணன்மாரிடம் கேளுங்கள். முப்பது ரூபாய் கொடுத்தால் மெமரி கார்டு நிறையப் பாட்டு. முப்பது ரூபாயும் கடைக்காரருக்கே. பாடியவருக்கு அதில் காலணா கிடையாது. காசு கொடுத்து வாங்கினோம், ஆகவே நியாயம்தான் என்று பலர் உண்மையாகவே நம்பினார்கள். அவர்களைத் திருடர்கள் என்று திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. முறையாக வாங்க ஓர் எளிய வழி அந்தக் கடைத்தெருவில் இருந்ததா? இல்லை.

முறையானது எது என்பதைச் சட்டம் சொல்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டின்மேல் மூன்று பூட்டுகள் தொங்குகின்றன. பாடலை எழுதியவரின் உரிமை ஒன்று. மெட்டமைத்தவரின் உரிமை இரண்டு. இவை அவரவர் வாழ்நாளும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். மூன்றாவது ஒலிப்பதிவின் உரிமை. அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். ஒவ்வொரு பூட்டும் தனித்தனியே திறக்கும்.

நம் மாவட்டத்துக் கவிஞரையே எடுத்துக்கொள்வோம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல், 29 வயதில் மறைந்தார். 1958இல் வெளிவந்த ‘பதிபக்தி’ படத்துக்குப் பாட்டு எழுதினார். முதல் பூட்டு திறந்துவிட்டது. இசைத்தட்டு 60 ஆண்டைத் தாண்டிவிட்டதால் மூன்றாவது பூட்டும் திறந்துவிட்டது. ஆனால் இசையமைத்தவர்கள் விஸ்வநாதன், ராமமூர்த்தி. இவர்களில் எம். எஸ். விஸ்வநாதன் 2015இல்தான் மறைந்தார். நடுப்பூட்டு திறக்க 2075 முடிய வேண்டும்! அப்போது உங்களுக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ஆலாபனைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதில் வரியும் இல்லை. ராகம் எவருக்கும் சொந்தமும் இல்லை. அவர் வாழ்நாளில் வெளிவந்த இசைத்தட்டுகளின் காலம் எப்போதோ கடந்துவிட்டது. அவற்றை நீங்கள் எவரிடமும் கேட்காமல், ஒரு காசு கொடுக்காமல், முறைப்படி இறக்கி வைத்துக்கொள்ளலாம். 1847இல் திருவையாற்றில் மறைந்த தியாகராஜரின் கிருதிகளும் பொதுச்சொத்தே. ஆனால் அதே கிருதியை இன்று ஒருவர் பாடிப் பதிவு செய்தால், அந்தப் பதிவின்மேல் புதுப்பூட்டு விழும். இந்த வேறுபாட்டை மறந்துவிட வேண்டாம்.

கடை மூடிய கதை

உயிரோடு இருக்கும் கலைஞரின் புதிய பாட்டுக்கு வருவோம். 1999இல் அமெரிக்காவில் நாப்ஸ்டர் என்ற ஏற்பாடு வந்து, உலகமே இலவசமாகப் பாட்டு மாற்றிக்கொண்டது. வழக்குகள் வந்து 2001இல் அது முடங்கிற்று. 2003 ஏப்ரலில் ஆப்பிள் நிறுவனம் பாட்டு ஒன்று 99 சென்ட் என்று இணையக் கடை திறந்தது. முதல் வாரத்திலேயே பத்து லட்சம் பாட்டுகள் விற்றன. விலை சிறிதாக, வழி எளிதாக இருந்தால் மக்கள் காசு கொடுத்தே வாங்குவார்கள் என்பதற்கு இது ஒரு பரிசோதனை. முடிவு தெளிவானது.

இந்தியாவிலும் அந்தப் பரிசோதனை நடந்தது. 2012 பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் நிறுவனம் ‘ஃபிளைட்’ என்ற பெயரில் பாட்டுக் கடை திறந்தது. பாட்டு ஒன்று 6 ரூபாயிலிருந்து கிடைத்தது. 2013 ஜூனில், ஒன்றரை ஆண்டுகூட ஆகாமல், கடையை மூடிவிட்டார்கள். கள்ளநகல் ஒரு காரணம். சிறு தொகையை எளிதாகச் செலுத்த வழி இல்லை என்பது மற்றொரு காரணம் என்று அவர்களே சொன்னார்கள். ஆறு ரூபாய் செலுத்த வங்கி அட்டை வேண்டும், பதினாறு இலக்கம் அடிக்க வேண்டும், கடவுச்சொல் வர வேண்டும். கடைக்கும் அதை வசூலிக்கச் செலவு. வாழைப்பழம் ஒன்றை வாங்கப் பத்திரம் பதிவு செய்வதுபோல!

ஆனால் 2016இல் யு.பி.ஐ. வந்துவிட்டது. இன்று தஞ்சை பெரிய கோயில் வாசலில் கடலை விற்பவர் வண்டியிலும் கட்டம் போட்ட அட்டை தொங்குகிறது. பத்து ரூபாய்க் கடலைக்கு ஒரு நொடியில் பத்து ரூபாய் போய்ச் சேர்கிறது. நடுவில் எவரும் கழிப்பதில்லை. 2013இல் பாட்டுக் கடை எதனால் மூடப்பட்டதோ, அந்தக் காரணங்களில் ஒன்று இல்லாமற் போய்விட்டது. கடை மட்டும் திரும்பத் திறக்கவில்லை. இது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

கடை திறக்காததற்கு, ‘மாதச் சந்தா கட்டி, ஓடையாகப் பாட்டுக் கேட்கும் செயலிகள் வந்துவிட்டனவே’ என்று விடை சொல்வார்கள். அவை வசதியானவைதான். விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டால் இலவசமும்கூட. முறையானவையும்தான். ஆனால் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: நூறு பேர் ஆளுக்கு நூறு ரூபாய் கட்டுகிறார்கள். 99 பேர் மாதம் ஆயிரம் முறை திரைப்பாட்டுக் கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர் மட்டும் உங்கள் ஊர் நாதஸ்வரக்காரரை நூறு முறை கேட்கிறீர்கள். வேறு எவர் பாட்டையும் கேட்கவில்லை. உங்கள் நூறு ரூபாய் அவருக்குப் போகும் என்றுதானே நினைப்பீர்கள்? போகாது. பல செயலிகளில் மொத்தப் பணத்தை மொத்தக் கேட்பு எண்ணிக்கையால் வகுத்துத்தான் பிரிக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாயை 99,100ஆல் வகுத்தால் ஒரு கேட்புக்குப் பத்துக் காசு. செயலி தன் பங்கை எடுக்காவிட்டாலும்கூட, உங்கள் வித்துவானுக்குப் பத்து ரூபாய்தான். மீதித் தொண்ணூறு, நீங்கள் ஒரு முறைகூடக் கேட்காத பாட்டுகளுக்கு! தலைக்கட்டு வரியை நம் ஊரில் வசூலித்து, மேளத்தை அடுத்த ஊருக்கு அனுப்பியதுபோல் இல்லையா இது?

அதோடு முடியவில்லை. 2024 தொடக்கத்திலிருந்து ஸ்பாட்டிஃபை நிறுவனம், கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைக்குக் குறைவாகக் கேட்கப்பட்ட பதிவுக்கு ஒன்றும் தருவதில்லை. 90 பேர் ஆளுக்குப் பத்து முறை ஆசையாகக் கேட்டால் 900 முறை. வரவு பூஜ்யம். அந்த 90 பேரும் ஒரே ஒரு முறை பத்து ரூபாய் கொடுத்து இறக்கிக்கொண்டிருந்தால் 900 ரூபாய். டெல்டாவின் மேளக்காரர்களும் கிராமியக் கலைஞர்களும் இந்த ஆயிரத்துக்குக் கீழேதான் இருப்பார்கள் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

ஆயிரத்துக்கு மேலே போனாலும் தப்பித்தோம் என்று சொல்ல முடியாது. 2021இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாட்டை அறியாத மாணவர் இருக்க மாட்டீர்கள். தீ, அறிவு இருவரும் பாடிய, திரைப்படம் சாராத பாட்டு. மண்ணையும் முன்னோரையும் பற்றியது. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. அதன் தயாரிப்பாளரான இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன், மூன்று ஆண்டு கழித்து, அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானமே வரவில்லை என்று 2024இல் வெளிப்படையாகச் சொன்னார். கேட்பவருக்கும் கலைஞருக்கும் நடுவே கை கூடக் கூட, கடைசிக் கைக்கு வருவது குறைகிறது.

மேடை ஓரத்தில் ஓர் அட்டை

சென்னையில் 2018 ஜனவரி 6ஆம் தேதி இரவு, கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளி மைதானத்தில், ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவின் முதல் கச்சேரி நடந்தது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம், இசையமைப்பாளர் டென்மாவோடு சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் பறையும் கிட்டாரும் ஒரே மேடையில் ஏறின. முன்னே நான் சொன்னேனே, வரியில் சேர்க்கப்படாத தெருக்கள் என்று. அத்தெருக்களின் இசை மேடையின் நடுவிடத்துக்கு வந்த இரவு அது. தஞ்சையிலும் தென்னகப் பண்பாட்டு மையம் நடத்தும் ‘சலங்கை நாதம்’ விழாவில் பல மாநிலக் கிராமியக் கலைஞர்கள் ஆடிப் பாடுகிறார்கள். குழந்தைகள் மேடைக்கு முன்னால் ஆட, பெரியவர்கள் கைப்பேசியைத் தூக்கிப் பிடிக்க, சுண்டல் விற்பவர் நடுவில் நுழைய, அந்த இரவுகளின் கலகலப்பே தனி. மறுநாள் அந்தக் கலைஞர்களின் பாட்டு வேண்டும் என்று தேடிப் பாருங்கள். யாரோ கைப்பேசியில் எடுத்த, பாதிக்கு மேல் கைதட்டலும் பேச்சுமாக உள்ள ஒரு துண்டுதான் கிடைக்கும்.

மேடை ஓரத்தில் கடலைக்காரர் தொங்கவிட்டிருப்பது போன்ற ஓர் அட்டையைத் தொங்கவிட்டால் என்ன? பத்து ரூபாய் செலுத்தினால், அந்தக் கலைஞர் நன்றாகப் பதிவு செய்து வைத்திருக்கும் ஒரு பாட்டு உங்கள் கைப்பேசிக்கு வந்துவிட வேண்டும். முந்நூறு பேர் கேட்கும் கச்சேரியில் நூறு பேர் வாங்கினாலும் ஆயிரம் ரூபாய். சம்பளத்துக்கு மேல் வரும் ஆயிரம் ரூபாய் ஒரு கிராமியக் கலைஞருக்குச் சிறிதல்ல. வெளிநாடுகளில் ‘பேண்ட்கேம்ப்’ என்ற இணையக் கடை ஏறக்குறைய இப்படித்தான் நடக்கிறது. எண்முறை விற்பனையில் 15 விழுக்காடு எடுத்துக்கொண்டு மீதியைக் கலைஞருக்கு விடுகிறது. ஆனால் அங்கே பணம் செலுத்தும் முறை ஒரத்தநாட்டு மாணவனுக்கு எட்டாது. நமக்கு வேண்டியது நம் ஊர் அட்டை. பண்பாட்டு மையங்களும் கல்லூரிகளும் கோயில் விழாக் குழுக்களும் இதைத் தொடங்கலாம். பெரிய முதலீடு ஒன்றும் தேவையில்லை.

இறக்கி வைத்துக்கொண்ட பாட்டில் இன்னொரு நன்மையும் உண்டு. நூறு முறை கேட்டாலும் 3.84 மெகாபைட் ஒரே முறைதான் பயணம் செய்கிறது. நடுவயலில் சிக்னல் இல்லாத இடத்திலும் பாடும். சந்தா முடிந்தது என்று வாயை மூடிக்கொள்ளாது.

‘எங்களிடம் பத்து ரூபாய்கூட இல்லையே சார்’ என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான்; எல்லாப் பாட்டுக்கும் கொடுக்க யாராலும் முடியாது. திருவையாற்றில் ஆராதனைக்கு டிக்கெட் கிடையாது. போய் மணலில் உட்கார்ந்து கேளுங்கள். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலிக்குக் காசு இல்லை. காலம் கடந்த இசைத்தட்டுகள் இருக்கவே இருக்கின்றன. கலைஞரே விரும்பி இலவசமாகத் தரும் பாட்டுகளும் உண்டு. இவற்றுக்கே ஓர் ஆயுள் போதாது. ஆண்டுக்கு ஒரு முறை, உங்களுக்கு உண்மையாகவே பிடித்த ஓர் உள்ளூர்க் கலைஞருக்கு, அம்மா கைப்பேசியிலிருந்து பத்து ரூபாய். நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்தப் பாட்டு நன்றாகப் பதிவாகியிருக்க வேண்டுமே? அதில் நீங்களே உதவலாம். உங்கள் ஊர் வித்துவானிடம் முதலில் அனுமதி கேளுங்கள். நேரில் வாசிப்பதன்மேல் வாசிப்பவருக்கு உரிமை உண்டு என்று அதே சட்டம் சொல்கிறது. பிறகு திறந்த வெளியில், தெளிந்த மாலை நேரத்தில் உட்காரச் சொல்லுங்கள். கைப்பேசியைத் தவிலுக்கு அருகில் வைக்காதீர்கள். பெரிய ஓசை வந்ததும் கைப்பேசி தானாகவே உணர்திறனைக் குறைத்துக்கொள்ளும். ஒவ்வோர் அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி அமுங்கி எழும். ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டர் தள்ளினால் ஒலிச்செறிவு பதினாறில் ஒரு பங்காகக் குறையும். நாதஸ்வரத்தின் அணசுக்கு நேர் எதிரே வைக்காமல் சற்று விலக்கி வையுங்கள். நேர் எதிரே மேல்சுரங்கள் காதைக் கிழிக்கும். முதல் ஒரு நிமிடத்தை மட்டும் பதிந்து, நிறுத்தி, வித்துவானிடமே போட்டுக் காட்டுங்கள். எங்கே சரியில்லை என்று அவர் உடனே சொல்லிவிடுவார். கடைசியில் அந்தக் கோப்புக்குப் பெயரிடும்போது வாசித்தவர் பெயர், தவில் வாசித்தவர் பெயர், ஊர், ராகம், தேதி எல்லாவற்றையும் எழுதுங்கள்.